முன்படி

யோகராஜ் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேலையிலிருந்து பிரதேச சபைக்குப் போனவர். முதல் தேர்தலில் தோட்டத்தின் மேல் டிவிசன் பெண்கள் மலையில் நின்றபடியே அவருக்காக ஓட்டுக் கேட்டார்கள். அப்புறம் கட்சிகள் பிரிந்தன, சேர்ந்தன. அவரை மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் மக்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சிங்களத்தில் அவர் எழுந்து பேசினால் எதிரணியும் வாய்மூடிக் கேட்கும். குழாய்த் தண்ணீர், தெரு விளக்கு எல்லாம் வாங்கித் தந்தார். மேல் டிவிசன் பாதை மட்டும் கைகூடவில்லை. மழைக்காலத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கம்பளியில் போட்டுத் தூக்கித்தான் ரோட்டுக்கு இறக்குவார்கள்.

இந்த வருடம் அவர் சபையின் உப தவிசாளர், துணைத் தலைவர். பாதைக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. நிலம் தோட்டத்துடையது, தோட்ட மேலாளரான துரை சம்மதிக்க வேண்டும். டிசம்பர் முடிந்தால் பணம் அரசுக்கே திரும்பிவிடும். துரையோ நீண்ட லீவில் போகிறார். புறப்படுவதற்கு முந்தின நாள் பின்னேரம் யோகராஜைப் பங்களாவுக்கு வரச் சொல்லியிருந்தார்.

யோகராஜ் நேரத்துக்குப் போய், இருட்டும் வரை நின்று, வெறுங்கையோடு திரும்பினார்.

"எங்கங்க நின்னீங்க?" என்றாள் கொழுந்து பறிக்கும் மனைவி மல்லிகா.

"குசினிப் பக்கம். யாருமே வெளிய வரல."

"ஏன், சட்டி கழுவவா கூப்பிட்டாங்க?"

"கால் தானா அங்கதான் போகுது, மல்லிகா. நம்மாளுக முன்படி ஏறினதில்லையே."

"நாங்க ஓட்டுப் போட்டு குசினிக்கா ஆள் அனுப்பினோம்? விடிஞ்சதும் போங்க. நேரா ஏறுங்க."

காலையில் பங்களா வாசலில் ஜீப்பில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. யோகராஜ் முன்படியில் கால் வைத்தார். ஒரு கணம் உடம்பே கூசியது. ஏறினார்.

"நேற்று உங்களுக்காகக் காத்திருந்தேனே?" என்று துரை சிங்களத்தில் கேட்டார்.

"வந்தேன், மாத்தயா. பின்னால் நின்றேன்."

துரைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். யோகராஜ் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தார்.

"இவ்வளவு அகலமா? இரண்டு வரிசைத் தேயிலை போய்விடும். ஓரமாக ஒற்றையடியாகப் போட முடியாதா?"

"அதில் நோயாளியைத் தூக்கித்தான் போகலாம். அதைத்தான் இப்போதும் செய்கிறோம்."

துரை மலையைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

யோகராஜ் இறங்கி வரும்போது மலையில் கொழுந்து பறிப்பது நின்றிருந்தது. கங்காணி அதட்டியும் ஒருத்திகூடக் குனியவில்லை. "என்னாச்சு?" என்று மேலிருந்து குரல்கள். அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பாதையின் அகலத்தைக் காட்டினார்.

"இன்னும் விரிங்க!" மல்லிகாவின் குரல் தனியாகக் கேட்டது. "ஆம்புலன்ஸ் வரணுமில்ல!"