துடைத்துக் கொடுத்த கேம் பெட்டி

பிள்ளைகளே, தட்டாஞ்சாவடி பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. மகள் ஸ்டெல்லாவுக்கு டிவியில் மாட்டி விளையாடும் புது கேம் பெட்டி வாங்கினேன். பழைய கேம் அதில் ஓட அப்கிரேடு காசும் கட்டினேன். கட்டினால் பழைய பெட்டியில் இருந்த எல்லாமே புதுசுக்கு வந்துவிடும் என்று நம்பினேன். பட்டறையில் மிஷினைத் துடைத்துத்தான் அடுத்தவரிடம் விடுவோம். அப்படியே பழைய பெட்டியில் இருந்ததை அழித்து, எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன்.

பள்ளிவிட்டு வந்தவள் புதுசைப் போட்டாள்.

"அம்மா கட்டுன வீடு எங்கப்பா?"

"எந்த வீடும்மா?"

"உடம்பு முடியாம படுத்திருந்தப்ப அம்மா கேம்ல கட்டுச்சே! அதைக் காப்பி எடுக்கறதுக்குள்ள குடுத்துட்டியா?"

கடைக்கு ஓடினேன். அழித்தது திரும்பாது என்றார்கள். ஸ்டெல்லா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உங்கள் அப்பா பழைய பெட்டியைத் தூக்கினால், நிறுத்தி, உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்தாச்சா என்று கேளுங்கள். நான் இப்போது ஸ்டெல்லாவைக் கேட்காமல் எதையும் அழிப்பதில்லை. அவள் அம்மாவின் போனில் நான் கை வைப்பதே இல்லை.