அவருக்குக் கண் தெரியாது என்றேன்

இத்தாலியின் பலேர்மோ நகரத்து மக்கள் எங்களை நன்றாகவே பார்ப்பார்கள். ஞாயிறு பூசைக்கு என் மனைவி றீற்றா சேலை கட்டிக்கொண்டு கபோ சந்தை வழியாகப் போனால் மீன் விற்பவர், ஒலிவ் விற்பவர், மேல்மாடியில் உடுப்புக் காயப்போடுகிற அம்மா எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். சிலர் துணியைத் தொட்டும் பார்ப்பார்கள். ஆனால் அதே தெருவில் ஒரு கார் கிரீச்சென்று வந்து நின்றால் ஒரு தலைகூட அந்தப் பக்கம் திரும்பாது. மீன்காரர் மீனைப் பார்ப்பார். மேல்மாடி அம்மா ஜன்னல் பலகையைச் சாத்திவிடுவார். புதிதாக வந்த எங்கள் ஆட்கள் இதைப் பெரிய அதிசயமாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் இருக்கவில்லை. போர்க்கால ஊர்காவற்துறையில் கடற்படை முகாமை அண்டி வளர்ந்த எனக்கு, எந்த நேரம் எந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நான், பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒரு மனிதரிடம் வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டேன்.

அவர் பெயர் ஹால்வர். நோர்வேக்காரர், எழுபதைத் தாண்டியவர், ஓவியர். அக்கம்பக்கத்தார் மாயெஸ்த்ரோ, அதாவது ஆசான், என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். மனைவி இறந்த பிறகு குளிர்காலங்களைக் கழிக்க பலேர்மோவுக்கு வரத் தொடங்கியவர், பிறகு இங்கேயே தங்கிவிட்டார். பங்குச் சாமியார் மூலம் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. சமையல், துப்புரவு, கடைக்குப் போவது, எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் படம் கீறப் போகும் இடத்துக்குச் சாமான்களைத் தூக்கிப் போவது. எங்கள் இருவருடைய இத்தாலியனும் நொண்டி. அவருடையது ஒரு காலில் நொண்டும், என்னுடையது மறுகாலில். அன்ரன் என்ற என் பெயரைக் கேட்டதும், தன் தம்பிக்கும் அந்தப் பெயர்தான் என்று சொல்லிச் சிரித்தார். கடலோரத்து மலை மடிப்புக்குள் இருந்த சின்னப் பண்ணையில் பிறந்தவராம். தகப்பன் பண்ணையைப் பார்க்கச் சொல்ல, இவர் எல்லாருடைய பண்ணையையும் பார்த்துப் படம் கீறிக்கொண்டு திரிந்திருக்கிறார். சிவப்புத் தானியக் கொட்டில்கள், கொடியில் உடுப்புப் போல மரச்சட்டங்களில் காயவிட்ட புல், வேலிகள், மாடுகள். நகரத்து ஆட்கள் அவற்றை வாங்கிச் சாப்பாட்டு அறைகளில் மாட்டியிருக்கிறார்கள்.

ஒரு கதையை அவர் அடிக்கடி சொல்வார். அயல் பண்ணைக்காரர் ஒருவருடைய உடைந்த வேலியை உடைந்தபடியே கீறிவிட்டாராம். ஊர் முழுக்கப் பார்த்துச் சிரித்துவிட்டது என்று அந்த மனிதர் சண்டைக்கு வந்திருக்கிறார். வேலியை நீ திருத்து, நான் படத்தைத் திருத்துகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். வேலி திருத்தப்படவில்லை, படமும் திருத்தப்படவில்லை, அந்த மனிதர் சாகும்வரை இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை. "இல்லாததைச் சேக்கிறதுமில்லை, இருக்கிறதை விடுறதுமில்லை, அன்ரன்" என்பார். எங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் அவருடைய படத்தை யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள், அவருடைய போட்டோவுக்குத்தான் மாலை போட்டிருப்பார்கள்.

நான் இருந்த அந்த வருடங்களில் அவர் கீறியது நகரத்துக்கு வெளியே இருக்கும் சியாகுல்லியை. பிரான்காச்சோ வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு கல்மதில்களுக்கு நடுவே நடை. மண்டரீன் என்கிற சின்னத் தோடம்பழத் தோட்டங்கள் மலையடிவாரம் வரை கிடக்கும். மற்ற இடங்களில் பழம் முடிந்த பிறகுதான் அங்கே பழுக்கத் தொடங்கும். மாயெஸ்த்ரோ வேலை செய்யும் விதம் எனக்குப் பெரிய தண்டனை. ஒரு இடத்தைத் தெரிந்தெடுத்தால் அந்தக் காலம் முடியும்வரை அதே இடம், அதே ஸ்டூல், அதே பக்கம் பார்வை. தை மாதம் உட்கார்ந்தால் பங்குனியிலும் அங்கேயே இருப்பார். நான் பக்கத்தில் ஒரு கல்லில் குந்தியிருந்து செபமாலை உருட்டுவேன். அந்த வருடம் அவர் தெரிந்தெடுத்த இடத்துக்கு நேர் எதிரே, மரங்களுக்கு அப்பால், தகரக் கூரை போட்ட ஒரு களஞ்சியம் இருந்தது. பெரிய பூட்டுப் போட்டிருக்கும். ஒரு வெள்ளை வான் வரும், இரண்டு மூன்று பேர் எதையோ இறக்குவார்கள், போய்விடுவார்கள். பழம் ஏற்றுகிற வான் வெறுமையாக வந்து நிறைந்து போகும். இது நிறைந்து வந்து வெறுமையாகப் போனது.

மாஃபியாக்காரர் நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்றதற்குப் பிந்திய காலம் அது. பலேர்மோச் சந்திகளில் மண்மூட்டை அடுக்கி, துவக்கோடு ஆமிப் பொடியன்களை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள், பெண்பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனாலும் மண்மூட்டையைக் கண்டால் என் கால் தானாகவே மற்றப் பக்கத்து நடைபாதைக்குப் போய்விடும். ஊரில் ஒருமுறை சுற்றிவளைப்பில் எங்களை வரிசையாக நடத்தினார்கள். வரிசையின் முடிவில் ஜீப்புக்குள் சாக்கால் தலையை மூடிய ஒருவன் இருந்தான். தலையாட்டி. சாக்கில் இரண்டு ஓட்டை, அதற்குள் இரண்டு கண். அந்தத் தலை ஆடினால் ஆள் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டான். எனக்கு முன்னால் நடந்தவனுக்கு ஆடியது, எனக்கு ஆடவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு, அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிற கண்கள் யாருடையதாக இருந்தாலும் எனக்குப் பயம். அந்தக் களஞ்சியத்துக்கு முன்னால் நாள் முழுக்க அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் முதலாளி.

ஒருநாள் காலை அந்த வெள்ளை வானில் வந்த ஒருவன் மரங்களுக்கூடாக எங்களை நோக்கி நடந்து வந்தான். நல்ல கம்பளிச் சட்டை, சுத்தமான சப்பாத்து. தோட்ட வேலை செய்கிறவனுடைய சப்பாத்து அல்ல. மாயெஸ்த்ரோவைத் தாண்டி நேரே என்னிடம் வந்தான்.

"கிழவன் நாள் முழுக்க என்னத்தைப் பாக்கிறான்?"

ஊரில் முகாம் வாசலில் தகப்பனைப் பற்றிக் கேட்டால் காது கேளாது என்போம், தமையனைப் பற்றிக் கேட்டால் புத்தி சரியில்லை என்போம். வீட்டில் இருக்கிற ஆளை ஒன்றுக்கும் உதவாதவராக்கிச் சொல்வதுதான் எங்களுக்குத் தெரிந்த காவல். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

"அவருக்குக் கண் தெரியாது, சிஞ்ஞோரே."

"கண் தெரியாத ஆள் படம் கீறுறானோ?"

"முந்திக் கீறினவர். இப்ப சும்மா பூசுறார். இருந்து காத்து வாங்கிப்போட்டுப் போவம்."

அவன் கான்வஸைப் போய்ப் பார்த்தான். பச்சைக்கு மேல் பச்சையாக அப்பியிருந்தது. பிறகு மாயெஸ்த்ரோவின் முகத்துக்கு முன்னால் கையை மெதுவாக ஆட்டினான். அவர் இமைக்கவில்லை. தூரத்து மலையைப் பார்த்தபடியே இருந்தார். அவன் சிரித்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். கிழவர் என்னமாய் நடித்துவிட்டார் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சிரிக்கக் காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. பிரான்காச்சோ வந்ததும்தான் வாய் திறந்தார்.

"எப்பவிருந்து உனக்குத் தெரியும்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். போன வருடத்திலிருந்து நேரே பார்த்தால் நடுவில் ஒன்றும் இல்லையாம். ஓரங்களில் மட்டும் கொஞ்சம் தெரியுமாம். அந்தக் கை முகத்துக்கு முன்னால் ஆடியது ஒரு நிழலாகத்தான் இருந்ததாம். ஒருவருக்கும் சொல்லவில்லை. மகளுக்குத் தெரிந்தால் கூட்டிக்கொண்டு போய் முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவாள் என்று பயம். படம் கீற முடியாத ஒரு காலைப்பொழுது எப்படி இருக்கும் என்று நினைத்து நித்திரை இல்லாமல் கிடக்கிறாராம். நான் கண்டுபிடித்துவிட்டேன், அதனால்தான் அந்த மனிதனிடம் சொன்னேன் என்று நினைத்திருக்கிறார். நான் பொய் சொன்னேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து றீற்றாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிழவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, அவருக்குக் கண் தெரியாதெண்டு சொல்லிப்போட்டியள். அப்ப அங்கை கண் தெரிஞ்ச ஆள் ஆர்?"

அவளே பதிலும் சொன்னாள்.

"நீங்கள்தான். அந்த இடத்தைக் கண்டது நீங்கள் ஒராள்தானெண்டு உங்கடை வாயாலையே சொல்லிக் குடுத்திட்டு வந்திருக்கிறியள்."

அந்தக் கணத்தில் எனக்கு வந்த பயம், கடல் கடந்தபோதுகூட வராதது. ஊரில் வாசலில் கேட்டவனுக்கு வீட்டில் யார் இருக்கிறார் என்பதுதான் தேவை. இங்கே கேட்டவனுக்கு யார் பார்த்தார் என்பது தேவை. அங்கே பிழைக்கச் சொன்ன பொய்யை இங்கே கொண்டுவந்து என் கழுத்திலேயே மாட்டியிருக்கிறேன். பொலிசுக்குப் போகலாம் என்றால் இங்கே தங்க அனுமதிக்கிற என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டி அவர்களுடைய தலைமையகமான குவெஸ்தூராவில் கிடந்தது. போய் என்ன சொல்வது? நான் கண்டது ஒரு வான், ஒரு பூட்டு. அதைச் சொன்னாலும் சாட்சி, சொல்லாவிட்டாலும் சாட்சி. அந்தக் கிழமை முழுக்க, தெருவில் எந்தச் சுத்தமான சப்பாத்தைக் கண்டாலும் பக்கத்துக் கடைக்குள் புகுந்துவிடுவேன்.

இனிச் சியாகுல்லிக்கு வரமாட்டேன் என்று மாயெஸ்த்ரோவிடம் சொல்லத்தான் போனேன். அவர் கோட்டுப் போட்டு, வண்ணப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "இதுதான் கடைசிப் படம், அன்ரன். நான் கேக்கிறன், நீ பாத்துச் சொல்லு. நீ இல்லாட்டி முடிக்கேலாது" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போகாமல் விட்டால் ஏன் ஒளிக்கிறான் என்று அவர்கள் தேடி வருவார்கள் என்ற பயமும் இருந்தது. போனேன். அவர் கேட்டார், நான் சொன்னேன். இடதுபக்க மரத்தில் பழம் எவ்வளவு, மதில் நிழல் எதுவரைக்கும் வந்திருக்கிறது, மலையில் முகில் இருக்கிறதா. என் நொண்டி இத்தாலியனைக் கேட்டு அவர் கை பூசியது. ஒருநாள் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நடுவிலை ஒரு தகரக் கூரை இருந்தது. வெயில் பட்டால் மினுங்கும். இப்பவும் இருக்கோ?"

"இல்லை. இடிச்சுப்போட்டாங்கள்."

"அப்ப என்ன இருக்கு?"

"மரம்தான், மாயெஸ்த்ரோ."

அவர் முகத்தை ஒருதரம் மலைப் பக்கம் திருப்பினார். பிறகு அந்த இடத்தில் மரம் வைத்தார்.

படம் முடியும் தறுவாயில் அந்த மனிதன் திரும்ப வந்தான். கையில் ஒரு பை நிறைய மண்டரீன். என் காலடியில் வைத்தான்.

"இதை வீட்டை கொண்டுபோ. மனிசிக்குக் குடு. கபோவிலைதானே இருக்கிறாய், மாதா சொரூபத்துக்குப் பக்கத்திலை?"

நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்கு நான் சொன்னதேயில்லை. அவன் கான்வஸுக்கு முன்னால் போய் நின்றான். படத்தைப் பார்த்தான், களஞ்சியத்தைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். நான் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்துபோனேன்.

"வடிவாயிருக்கு" என்றான் கடைசியில். "இஞ்சை இருக்கிறது இவ்வளவுதான்." என்னைப் பார்த்தான். "என்ன?"

"ஓம், சிஞ்ஞோரே. இவ்வளவுதான்."

அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பழங்களை றீற்றா தொடவும் இல்லை, எறிந்தால் யாராவது காண்பார்கள் என்று எறியவும் விடவில்லை. மேசையிலேயே கிடந்து அழுகின.

கோடைக்கு முன்னால் மகள் வந்து மாயெஸ்த்ரோவை நோர்வேக்குக் கூட்டிப்போனாள். அவர் பயந்தபடி இல்லத்தில் விடவில்லை, தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். அந்த மலைமடிப்பில், பழைய பண்ணைக்குப் பக்கத்தில். படத்தையும் கொண்டுபோனார்கள். பிறகு ஒருநாள் அவரே தொலைபேசியில் கதைத்தார். குரல் நன்றாக இளைத்திருந்தது. என் பெர்மெஸ்ஸோ கிடைத்ததா, றீற்றா எப்படி என்றெல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்.

"அன்ரன், அந்தக் கூரை எனக்குத் தெரிஞ்சது. நேரை பாத்தால் இல்லை. மலைப் பக்கம் முகத்தைத் திருப்பினால் ஓரத்திலை மினுங்கிக்கொண்டே இருந்தது."

நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீ இல்லையெண்டு சொன்ன குரலைக் கேட்டன். அதுதான் மரம் வைச்சன்."

வேலிக்காக அயலவன் சாகும்வரை அவனோடு பேசாமல் இருந்தவர் அதைச் சொன்னார். நான் அழுதேன். அவர் இங்கே நன்றாகப் பனி கொட்டுகிறது என்று வேறு கதைக்கு மாறிவிட்டார்.

நாங்கள் இன்னும் பலேர்மோவில்தான் இருக்கிறோம். இப்போது எனக்கு ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை. அவருடைய தங்கை வீட்டுக்குச் சில நாட்களில் சியாகுல்லிப் பக்கமாகப் பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது. தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் நான் சப்பாத்தைக் குனிந்து பார்ப்பேன், பலேர்மோக்காரர்கள் போலவே. ஊரைப் பற்றி யாராவது கேட்டாலும் முகாம் வேலியும் வரிசையில் நடந்த கால்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கேயும் நான் தலை நிமிர்ந்து பார்த்த இடம் ஒன்றுகூட இல்லை. பயமில்லாமல் நின்று நான் ஆறுதலாகப் பார்க்கக்கூடிய ஒரு துண்டு நிலம் இந்த உலகத்தில் இருக்கிறது. அதில் பழம் பழுத்திருக்கிறது, வெயில் விழுகிறது, ஒருவரும் ஒன்றும் இறக்கவில்லை. அது, நான் ஒருநாளும் கால் வைக்காத நோர்வேயில், ஒரு பண்ணைவீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்குகிறது.