நாகரத்தினமும் பின்சரிவும்

சான் ஹோசேயின் கிழக்கு மலையடிவாரத்தில் எங்கள் குடியிருப்பு. சரிவின் உச்சியில் பல் டாக்டர் நாகரத்தினத்தின் வீடு. கீழே வரிசையாக எங்களுடையவை. அவர் வாய்க்குப் பயந்தே நான் இரண்டு வேளையும் பல் தேய்த்தேன்.

சனிக்கிழமைகளில் அவரைச் சரிவில்தான் பார்க்கலாம். அங்கே சேஜ்பிரஷ் புதர்கள் தள்ளித் தள்ளி நின்றன. மரிக்கொழுந்துக்கு உறவு, கசக்கினால் கிட்டத்தட்ட அதே வாசனை. ஒரு கொத்தைக் கொண்டையில் செருகிக்கொண்டு, இடையில் முளைக்கும் காட்டுப்புல்லை மட்டும் வேரோடு பிடுங்குவார். புதருக்குப் புதர் தீ தத்தித்தான் வரவேண்டும், புல் இருந்தால் ஓடியே வந்துவிடும் என்பார்.

காட்டுத்தீ அபாயத்தைச் சொல்லி, பாலிசியை ரத்து செய்வோம் என்று இன்சூரன்ஸ்காரர்கள் மிரட்டியதும், குடியிருப்புச் சங்கத் தலைவர் சேனாபதிக்குத் திடீர் வீரம் வந்தது. சரிவையே மொட்டையடிக்க வேண்டும் என்றார்.

"புதரை எடுத்தீங்கன்னா அந்த எடத்துல புல்லுதான் வரும். கீழ பத்திக்கிச்சுன்னா நேரா என் வீட்டுக்குத்தான் ஏறும்" என்றார் நாகரத்தினம்.

"க்ளீன் பண்ணா சேஃப், ஆன்ட்டி. சிம்பிள் லாஜிக்."

சங்கக் கூட்டத்தில் பெரும்பாலான கைகள் சேனாபதிக்கே உயர்ந்தன. ஒரே நாளில் இயந்திரம் சரிவை வழித்தெடுத்தது. தெருவெல்லாம் மரிக்கொழுந்து வாசனை. எனக்கு என்னவோ அது பிடிக்கவில்லை.

மழை பெய்தது. பொங்கலுக்குள் சரிவு பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. அங்கேயே ஸ்டவ் வைத்துப் பொங்கினார்கள். "பாத்தீங்களா ஆன்ட்டி, அப்படியே ஊட்டி!" என்றார் சேனாபதி. நாகரத்தினம் பொங்கலைத் தொடவில்லை. அதன்பின் சனிக்கிழமைதோறும் ஒற்றை ஆளாகப் பிடுங்கிப் பார்த்தார். முடிகிற காரியமா?

மே மாதத்தில் பச்சை வெளுத்தது. கோடையில் சரிவு முழுக்க வைக்கோல். காற்றடிக்கும் ஒரு மத்தியானமாகப் பார்த்து, சேனாபதி புல்வெட்டும் மெஷினைச் சரிவில் இறக்கினார்.

"நிறுத்துங்க! கல்லு இருக்கு, பொறி பறக்கும்!" நாகரத்தினம் மேலிருந்து கத்தியது எனக்குக் கேட்டது. மெஷினின் இரைச்சலில் சேனாபதிக்குக் கேட்கவில்லை. பிளேடு கல்லில் மோதியது. கீழிருந்து அடித்த காற்று தீயை மேலே விரட்டிக்கொண்டு போனது. நாகரத்தினம் கார் சாவியோடு தப்பினார், வீடு தப்பவில்லை. கீழ் வரிசையில் ஒரு ஜன்னல்கூட உடையவில்லை. எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.

இந்த ஜனவரியில், வீடு நின்ற இடத்தைப் பார்க்க வந்தார். சரிவு முன்னைவிட அடர்த்தியான பச்சை. சேனாபதி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய், "பாருங்க ஆன்ட்டி, எல்லாம் திரும்பி வந்துடுச்சு" என்றார்.

ஒரு புதர்கூட வந்திருக்கவில்லை. நாகரத்தினம் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி அவர் கையில் வைத்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அன்னிக்குக் காத்து கீழேருந்து அடிச்சுது, சேனாபதி. அக்டோபர்ல இதெல்லாம் காஞ்சு கெடக்கும், அப்ப காத்து மலையிலேருந்து எறங்கும்."

எங்கள் வீடுகள் எல்லாம் கீழேதான் இருக்கின்றன.