செம்புக் குவிமாடத்து மாப்பிள்ளை

எனக்குப் பேசிவந்த மாப்பிள்ளை அமெரிக்காவில், பீனிக்ஸ் என்ற பாலைவன மாநிலத் தலைநகரத்தில் இருந்தார். அந்த மாநிலத்தின் பழைய சட்டசபைக் கட்டடத்துக்கு முன்னால், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். பின்னால் செம்புக் குவிமாடம். அதன் உச்சியில், காற்றடிக்கிற பக்கமெல்லாம் திரும்பும் ஒரு பெண் சிலை. அந்தக் கட்டடத்துக்குள்தான் தனக்குச் சட்டசபை அதிகாரி உத்தியோகம் என்று தரகரிடம் சொல்லியிருந்தார்.

அம்மா அந்தப் படத்தைக் கைப்பையில் கொண்டுபோய், விம்பிள்டன் கோயிலில் ஒருவரையும் விடாமல் காட்டினா. "மருமகன்ர கந்தோரைப் பாருங்கோ" என்று குவிமாடத்தில்தான் விரலை வைப்பா. ஆளின் முகத்தில் வைத்ததே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. லைப்ரரிக் கம்ப்யூட்டரில் தேடினேன். சட்டசபை அந்தக் கட்டடத்தை விட்டுப் போய் எத்தனையோ காலம். இப்போது அது வெறும் அருங்காட்சியகம். ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து நேரே குசினிக்குள் போனேன்.

"அங்கை ஒரு கந்தோரும் இல்லை, அம்மா. அது மியூசியம். அந்த மனுசன் எங்களைப் பேய்க்காட்டுறார்."

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"சும்மா கத்தாதை. நாங்கள் மட்டும் அவருக்கு உன்ர படத்தையோ அனுப்பினனாங்கள்? தங்கச்சியின்ர படத்தையெல்லோ அனுப்பினது."