வேப்பிலை கட்டிய கேற்றும் சைக்கிள்காரரும்

அம்மாள் வந்து, உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளத்தோடு நான் அன்புவழிபுரம் வீட்டுக்குள் அடைபட்டு இன்று பன்னிரண்டாம் நாள். ஃபோனும் அலுத்துவிட்டது. யன்னல்தான் மிச்சம்.

தினமும் பத்து மணிக்கு ஒருவர் சைக்கிளில் வருவார். வேப்பிலை கட்டிய எங்கள் கேற்றை உற்றுப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போவார்.

வேவு பார்க்கிறார் என்றே முடிவுகட்டினேன். திரைக்குப் பின்னால் நின்று ஐந்து படமும் எடுத்துவைத்தேன்.

இன்று பொறுக்க முடியாமல் கேட்டேன்: “ஆரைத் தேடுறீங்கள்?”

“நான் மீன்காரன், தங்கச்சி. அம்மாள் வந்த வீட்டில மீன் எடுக்க மாட்டினம், அதான் ஹோன் அடிக்கிறேல்லை. வேப்பிலை கழட்டியாச்சோ எண்டு பாத்தனான்.”

பகலெல்லாம் கந்தோரில் வேலையில் இருக்கும் எனக்கு அவர் முகம் எப்படித் தெரியும்?

“அதுசரி, திரைக்குப் பின்னால நிண்டு என்னைப் படம் எடுக்கிறது ஆர்? எனக்கெல்லோ பயமாக் கிடக்கு!”

படங்களை அழித்துவிட்டேன். இன்னும் ஒரு கிழமை, ஏழு நாள், உள்ளே இருக்கவேண்டும். உங்கள் தெருவில் சந்தேகப்பட ஆள் இருந்தால் இந்தப் பக்கம் அனுப்பிவையுங்கள்.