கால் ஊன்றாத பூ

எங்கள் குடவாசல் வீட்டுக் கூடத்தில் கொஞ்ச காலம் கடல் இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. பெரிய கண்ணாடித் தொட்டி. அதற்குள் பூம்புகாரிலிருந்து கேன் கேனாக வந்த உப்புத் தண்ணீர். வாசலுக்கு எதிரே வாய்க்காலில் காவேரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, உப்புத் தண்ணீருக்கு வண்டி வைக்கும் ஒரே மனிதர் என் மாமாதான் என்று அத்தா கேலி செய்வார்.

மாமா, அம்மாவின் தம்பி. துபாயில் மீன்தொட்டிக் கடை ஒன்றில் வேலை பார்த்தார். அந்த முறை சாக்லேட் இல்லாமல், வாசனை சோப்பு இல்லாமல், ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினார். லீவு என்றார். வேலை போயிருந்ததை வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. லீவு நீண்டுகொண்டே போனதில் எனக்கு ஒரே கொண்டாட்டம். அம்மாவுக்குத்தான் நிம்மதி இல்லை. தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து, இன்னும் ஒரு கரண்டி, இந்த மீனையாவது என்று கெஞ்சுவாள். அவர் சோற்றை அளைந்துவிட்டுக் கை கழுவிவிடுவார்.

அப்போதுதான் பூம்புகாரில் மீன்பிடிக்கும் அவருடைய நண்பர், வலையில் வந்த கடல்பூ ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பெயர்தான் பூ, அது உயிருள்ள பிராணி. நடுவில் வாய், சுற்றிலும் விரல் விரலாக இதழ்கள்.

"இது மட்டும் பொழச்சிட்டா போதும்க்கா, கும்பகோணத்துல தொட்டிக் கடை போட்டுடுவேன்" என்றார் மாமா. ஊருக்கு வந்தபின் அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றுதான். கொஞ்ச நாளைக்கு அதற்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜும்ஆ தொழப் போனார்.

வீட்டுக்கு வந்ததைப் பட்டினி போடுவதா? அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. சமைக்க உரித்து வைத்திருந்த இறாலில் ஒன்றை நீளக் கரண்டியில் எடுத்து அதன் வாயருகே வைத்தாள். இதழ்கள் மெல்ல மடங்கி அதை உள்ளே வாங்கிக்கொண்டன.

"பாவம், எவ்வளவு பசி பாரு" என்று இன்னொன்றும் கொடுத்தாள்.

சாயங்காலம் பார்த்தால், பூ இரண்டு இறாலையும் கக்கிவிட்டுச் சுருங்கி, தொட்டி மூலையில் உருண்டு கிடந்தது. தண்ணீர் அரிசி கழுவிய நீர்போல் கலங்கியிருந்தது. அம்மா ஓடிப் போய் மாமாவைக் கூட்டி வந்தாள். மாமா திட்டவில்லை. தண்ணீரை மாற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அது இன்னும் கால் ஊனலக்கா. எடம் மாறி வந்திருக்குல்ல. கால் ஊனிட்டா தானா சாப்பிடும். அதுவரைக்கும் ஊட்டாதீங்க."

பூவுக்கு ஏது கால் என்று நான் சிரித்தேன். அடியில் இருக்கிறது, அதை வைத்துத்தான் கல்லைப் பிடித்துக்கொள்ளும் என்றார். அம்மா சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று ராத்திரி அவருக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எதிரில் உட்காரவில்லை, கெஞ்சவில்லை. ஒரு பூவுக்காகத் தம்பியிடம் இவ்வளவு கோபமா என்று எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வந்தது. மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

பூ ஒருவழியாகக் கல்லைப் பற்றிக்கொண்டு விரிந்தது. மாமா இடுக்கியால் ஒரு துணுக்கு இறால் கொடுத்தார். மறுநாள்வரை காத்திருந்தோம்; கக்கவில்லை. அன்று மத்தியானம் அவர் தானாகவே அடுப்படிக்கு வந்தார்.

"என்னக்கா கொழம்பு?" என்று கேட்டுத் தட்டை எடுத்தார்.

அம்மா சட்டென்று திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் பூ பொழச்சிடுச்சேம்மா, இன்னும் ஏன் அழுவுற?" என்று நான் அவளைத் தேற்றினேன்.