பூசணிக்காய் ஏலமும் கீழ்ச் சுரமும்

என் கணவருக்குப் புராஸ்டேட்டில் கேன்சர் என்று தெரியவந்தபோது, எனக்கு மாதவிலக்கு நின்று, உடம்பு திடீர் திடீரென்று அனலாய்க் கொதிக்கும் தொல்லையும் ஓய்ந்து, ஒரு வருஷம் ஆகியிருந்தது. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருந்ததால்தான் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். இல்லாவிட்டால் அந்த மனுஷர் என்னை நன்றாக ஏமாற்றியிருப்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சர். அவர் கோட்டைப் பக்கம் ஒரு அரசாங்க ஆபீசில் ஹெட் கிளார்க். ஆபீஸ் விஷயம் எங்கள் கிறிஸ்தவ சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. கோயில் பாடகர் குழுவில் 'பேஸ்' பாடுகிறவர் என்றால் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான்கு குரலில் பாடும்போது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குரல் தரையில் ஊர்ந்து போகுமே, அதுதான் பேஸ். அவர் கீழ்ச் சுரத்தைப் பிடித்தால் எங்கள் பெஞ்சு லேசாக அதிரும். கல்யாணமான புதிதில் அந்த அதிர்வுக்காகவே நான் முன்வரிசையில் போய் உட்காருவேன். அவரிடம் இதைச் சொன்னதில்லை. ஏற்கெனவே தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி.

சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஆண் ஹார்மோன்தான் இந்த நோய்க்குச் சோறு. சோற்றை நிறுத்தினால் நோய் பட்டினி கிடக்கும்" என்றார். விதைகளை எடுத்துவிட ஒரு ஆபரேஷன். அதற்குமேல் தினமும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, அது பெண் ஹார்மோன். என் கணவர் தலையைத் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "உனக்குத் தீர்ந்துபோச்சுன்னு சொன்னியே, அதை எனக்குத் தர்றாங்க. குடும்பத்தை விட்டுப் போகலை பாரு" என்றார். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்ததே பெரிய விஷயம்.

ஈஸ்டர் முடிந்து ஆபரேஷன் ஆயிற்று. மாத்திரையும் ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் அது தன் வேலையைக் காட்டியது. கால் வீங்கியது, பெரிய அளவில் செருப்பு வாங்கினோம். தாடி வளர்வது குறைந்தது, பிளேடு மிச்சம். ரேடியோவில் யாரோ ஒரு பாட்டி காணாமல்போன மாட்டைப் பற்றிப் பேசியதற்குக் கண் கலங்கினார். எல்லாவற்றையும்விடப் பெரிய வம்பு மார்பு. இரண்டு பக்கமும் மெத்தென்று வீங்கி, காம்பில் சட்டை உரசினாலே 'ஸ்' என்று பல்லைக் கடிப்பார்.

காலையில் கஷ்டமில்லை. தாம்பரத்தில்தானே மின்சார ரயில் புறப்படுகிறது, ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் கோட்டையில் ஏறினால் மாம்பலம் வரும்போது ஆள்மேல் ஆள். மற்றவர்களெல்லாம் பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள். இவர் டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். "பையில என்ன சார், தங்கமா?" என்று கேட்டார்களாம். "அதைவிட மேல" என்றாராம்.

நான் அனகாபுத்தூர் தறித் துணி ஒரு கஜம் வாங்கிவந்தேன். பல தடவை துவைத்து மெத்தென்றாக்கி, இரட்டை மடிப்பு வைத்து, முன்பக்கம் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி கையில்லாத பனியன் ஒன்று தைத்தேன். போட்டுப் பார்த்தவர் முகம் தெளிந்துவிட்டது. அதற்கு 'மார்க்கவசம்' என்று பெயர் வைத்தார். பிரசங்கத்தில் அடிக்கடி காதில் விழுகிற சொல் அது. அதற்குப் பிறகு போதகர் அந்தச் சொல்லை எடுத்தாலே பேஸ் வரிசையில் ஒரு இருமல் கேட்கும், நான் தலையைக் குனிந்துகொள்வேன். கவசத்தைக் கொடியில் உலர்த்தக் கூடாது, பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கட்டளை. அதனால் உள்ளறையில் என் புடவைக்கு அடியில் அது காயும்.

இப்படியாக எல்லாவற்றையும் சிரித்தே சமாளித்துக்கொண்டிருந்தோம், அறுப்பின் பண்டிகை வரும்வரை.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை என்றால் எங்கள் சபையில் காலை ஆராதனை முடிந்ததும் ஏலம். வண்டலூர்ப் பக்கத்திலிருந்து பூசணிக்காயும் வாழைத்தாரும் வரும். யாராவது சேவல், யாராவது கேக், யாராவது ஒற்றைத் தேங்காய். காணிக்கையாக வந்த அத்தனையும் ஏலத்தில் போகும். வருஷா வருஷம் ஏலம் விடுகிறவர் என் கணவர். மைக் எதற்கு, அவர் தொண்டை போதாதா? வெயில் ஏற ஏற ஒரு பூசணிக்காயை முழு ஊருக்கும் கேட்கும்படி விற்பார். நான் அந்த நேரமெல்லாம் மறுகோடியில் பெண்கள் ஐக்கியத்தின் பலகாரக் கடையில் வடை போட்டுக்கொண்டிருப்பேன். சாயங்காலம் பாட்டு ஆராதனைக்கு எனக்குக் கால் நிற்காது, வீட்டுக்கு வந்து படுத்துவிடுவேன்.

அந்த வருஷமும் அப்படித்தான். இருட்டியபிறகு வந்தவர் சாப்பிடவில்லை. "என்னங்க, பாட்டு எப்படி?" என்றேன். "நல்லாப் போச்சு" என்றார், கரகரவென்று. மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

டிசம்பர் வந்தது. தெருவில் மங்கிக் குல்லாயும் மப்ளருமாக ஆட்கள் பால் வாங்கப் போகிறார்கள். இவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை மடித்து விசிறிக்கொள்கிறார். முகம் செக்கச்செவேல், கழுத்தில் வேர்வை. ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விசிறி. நான் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இந்த அனலை எனக்குத் தெரியாதா? மூன்று வருஷம் இதோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். எனக்கு அனல் வந்தது பெண் ஹார்மோன் வற்றிப்போனதால். இவருக்கு ஆண் ஹார்மோன் ஆபரேஷனோடு போய்விட்டது. ஆனால் மாத்திரையில் பெண் ஹார்மோன் தினமும் உள்ளே போகிறதே. அது போகிறவரை இந்த அனல் தலைகாட்டக் கூடாது, இத்தனை மாதமாகக் காட்டவும் இல்லை. இப்போது வருகிறது என்றால்?

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேனே."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

பேப்பரைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் முடியுமா? எழுந்துபோய் ஹார்மோனியப் பெட்டியைத் திறந்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்து என்முன் வைத்தார். உள்ளே அத்தனையும் வெள்ளை மாத்திரை. தூக்கி எறிய மனசு வராத குமாஸ்தா புத்தி.

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ கத்தினேன். "நோய்க்குச் சோறு போடறீங்களா? சாகறதுன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் எனக்குச் சொல்லலாம்னு இருந்தீங்களா?" என்றெல்லாம். அவர் காத்திருந்து, நான் மூச்சு வாங்கும்போது பேசினார். கோபம் வந்தால் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"அறுப்புப் பண்டிகை அன்னிக்குக் கீழ்ச் சுரம் வரலை டீச்சர். வெறும் காத்துதான் வந்துச்சு. பொம்பளை மாத்திரை சாப்பிட்டா பொம்பளைக் குரல் வராம என்ன வரும்? நிறுத்தினேன், பத்து நாள்ல குரல் திரும்பி வந்துடுச்சு. ஆபரேஷன்ல ஒண்ணு போச்சு, சரின்னேன். மார்பு இப்படி ஆச்சு, சரின்னேன். குரலும் போயிட்டா நான்னு சொல்லிக்க என்ன இருக்கு?"

"எனக்கு உங்க குரல் வேணாம், நீங்க இருந்தாப் போதும்."

"அந்தக் குரல் இல்லாம உக்காந்திருக்கிறவன் நான்தான்னு எப்படிச் சொல்றே?"

அழுதேன். பாதி பயம், பாதி ஆத்திரம். வளர்ந்த ஆணின் குரல்வளை எந்த மாத்திரைக்கும் சுருங்காது என்று பாடமே நடத்தினேன். "அது உன் புஸ்தகம். இது என் தொண்டை" என்றார்.

மறுநாள் பள்ளி விட்டதும் பஸ் பிடித்து அஸ்தினாபுரத்துக்குப் போனேன். எங்கள் பாடகர் குழுத் தலைவர் அங்கேதான் இருந்தார். பாங்கில் வேலை பார்க்கிற இளைஞர், கோயிலில் ஆர்கன் வாசிப்பவரும் அவரே. என் கணவருக்கு ஏதோ ஆபரேஷன் ஆயிற்று என்பதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. "அறுப்புப் பண்டிகை அன்னிக்கு அவர் எப்படிப் பாடினார் தம்பி? மறைக்காமச் சொல்லுங்க" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, அது வருஷா வருஷம் நடக்கிறதுதானே! காலையில பூசணிக்காய்க்குக் கத்திட்டு சாயங்காலம் வந்தா அண்ணனுக்குக் குரல் எங்கே இருக்கும்? அதனாலயே நான் அன்னிக்கு மட்டும் பேஸுக்கு வேலையே இல்லாத பாட்டாப் போடுவேன். அவருக்குத் தெரியாது, பாவம், மனசு கஷ்டப்படும்னு சொல்றதில்லை. இந்த வருஷம் வெளியூர்ப் போதகர் வர்றார்னு பெரிய பாட்டா எடுத்துட்டேன். அண்ணன் மாட்டிக்கிட்டார்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் ஏலத்தில் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு, பழியை மாத்திரைமேல் போட்டு, உயிரையே ஏலத்தில் விட இருந்தார். ஒவ்வொரு வருஷமும் அன்றிரவு கரகரத்த தொண்டைக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தவள் நான். எனக்கே தோன்றவில்லை என்றால் அவரை என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு தன் தொண்டையைத் தானே தொட்டுப் பார்த்தார். "எல்லா வருஷமுமா?" என்றார். அவமானம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம் முகத்தில் மாறி மாறி வந்தது. பேரம் பேசினோம். இன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். தினமும் காலையில் ஹார்மோனியத்தில் அந்தச் சுரத்தை அழுத்தி, கூடப் பாடிப் பார்க்க வேண்டும். குரல் அந்தச் சுரத்துக்கு இறங்காமல் போனால் ஹார்லிக்ஸ் பாட்டிலை நானே கிணற்றில் போடுகிறேன். தோற்கமாட்டேன் என்று தெரிந்துதான் பந்தயம் கட்டினேன். டீச்சர் என்றால் சும்மாவா?

அதன்பிறகு எங்கள் வீட்டுக் காலை இப்படி விடிந்தது: காபி, மாத்திரை, 'ஓ...' என்று ஒரு நீண்ட கீழ்ச் சுரம். பால்காரர் மாடு கத்துகிறதோ என்று ஒருநாள் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நாளில் அனல் நின்றது, பேப்பரை மறுபடி படிக்க ஆரம்பித்தார். மார்பு மறுபடி வலித்தது, கவசத்தைத் தேடி எடுத்தார். குரல் மட்டும் மாறவில்லை. கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் நான் வெட்கத்தை விட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். பெஞ்சு அதிர்ந்தது. என் தோழி ஒருத்தி, ரயில் போகிறது என்று நினைத்தாளாம்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விட வரச்சொல்லி போதகர் ஆள் அனுப்பினார். "இனிமே எங்க வீட்டம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார் இவர், என்னைக் கேட்காமலே. முப்பது வருஷம் வகுப்பில் கத்திய எனக்கு இது ஒரு பெரிய காரியமா என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு ஏல மேடையில் ஏறிவிட்டேன்.

ஆண்டுதோறும் சேவல் எடுக்க வரும் ரிக்ஷாக்காரர் முன்னால் நின்றிருந்தார். "இன்னாம்மா, சாரு வர்லியா? தொண்ட கட்டிகினு கீதா?" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியவில்லை! அந்த ரோஷத்தில் சேவலின் விலையை அவருக்கு நன்றாக ஏற்றிவிட்டேன். பூசணிக்காய்க்குக் கத்தினேன், வாழைத்தாருக்குக் கத்தினேன், ஒற்றைத் தேங்காய்க்கும் கத்தினேன். மத்தியானம் ஆனபோது என் தொண்டையில் ஒரு பொட்டுச் சத்தம் மிச்சமில்லை.

சாயங்காலம் கால் வலியோடு பாட்டு ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தேன். குழுத் தலைவர் துணிந்து அதே பெரிய பாட்டை எடுத்திருந்தார். பாடகர் அங்கிக்குள்ளே கவசம், அதற்குள்ளே வீங்கிய மார்பு, அதற்குள்ளேயிருந்து அந்தக் குரல். போன வருஷம் காற்றாய்ப் போன இடத்தில் முழுசாக, நிதானமாக இறங்கி நின்றது. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

முடிந்ததும் வாசலில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல்லப் போனேன். இத்தனை வருஷம் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்லிவிட நினைத்தேன். வாயைத் திறந்தால் வெறும் காற்று.

"இப்பத் தெரியுதா டீச்சர், எப்படி இருக்கும்னு?" என்றார்.

தலையை ஆட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பண்டிகை அவசரத்தில் காலையில் மறந்துபோன மாத்திரை. நான் ஞாபகப்படுத்தவில்லை, ஞாபகப்படுத்தக் குரலும் இல்லை. மொத்தப் பாடகர் குழுவும் பார்த்துக்கொண்டிருக்க, வாயில் போட்டு டீயை ஊற்றிக்கொண்டார்.

"என்ன மாத்திரைண்ணா அது?" என்றார் குழுத் தலைவர்.

"குரலுக்குப்பா. இதைப் போட்டாத்தான் அடுத்த வருஷமும் பாட முடியும்."